பழைய மூங்கில் தூண்டில் கோல்: வார்னிஷ் அடிக்கலாமா?

மலைக்காற்று:
குன்னூரில் பழைய சாமான் கடையில் மூன்று துண்டாகக் கழற்றும் மூங்கில் தூண்டில் கோல் ஒன்று வாங்கினேன். பிடிக்கு மேலே ‘ஹார்டி’, ‘பாலகோனா’ என்று மங்கலாக எழுத்து. பட்டு நூல் கட்டு அங்கங்கே பிரிந்திருக்கிறது. ஒரு மூட்டு கழலவே மாட்டேன் என்கிறது. சுரண்டிவிட்டுப் புதுசாக வார்னிஷ் அடிக்கலாமா?

மூங்கில்பித்தன்:
ஐயோ, சுரண்டாதீங்க சார்! எழுத்து போனால் விலையும் போச்சு. ஹார்டி, 1872இல் இங்கிலாந்தின் அன்னிக் ஊரில் தொடங்கிய கம்பெனி. பாலகோனா என்பது அவர்களுடைய பிளந்த மூங்கில் கோல்களுக்கு வைத்த பெயர். ஆறு முக்கோணச் சிம்புகளைச் சீவி ஒட்டி அறுகோணமாக்கியிருப்பார்கள். விரலால் உருட்டிப் பாருங்கள், ஆறு முகமும் தட்டுப்படும். பழைய பசைக்குச் சூடும் ஈரமும் ஆகாது. அதனால் மூட்டில் நெருப்புக் காட்ட வேண்டாம், முறுக்கவும் வேண்டாம். இரண்டு பேர் எதிரெதிராகப் பிடித்து நேராக இழுங்கள்.

ஓடைக்கரை:
நீலகிரியில் இவை கிடைப்பது அதிசயமில்லை. வெள்ளைக்காரர்கள் டிரவுட் மீனையே கொண்டுவந்து ஓடைகளில் விட்டவர்களாச்சே. அது இருக்கட்டும், மூன்று துண்டும் ஒரே நீளமா? நுனி குட்டையாக இருந்தால் ஒடிந்து போனதாக இருக்கும்.

மலைக்காற்று:
அளந்தேன். நுனி மூன்று அங்குலம் குறைவு! கடைக்காரர் மூச்சே விடவில்லை. சரி, பட்டு நூல் மட்டும் மாற்றினால் மதிப்பு குறையுமா?

மூங்கில்பித்தன்:
பிரிந்த நூல் கட்டுகளை மட்டும் அதே நிறத்தில் கட்டுங்கள். மற்றதைத் தொடாதீர்கள்.