வான் தாக்குதல் வந்தால் ஓட்டு வீட்டில் இருப்பவர்கள் எங்கே பதுங்குவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். திருவாரூர் பக்கம் எங்கள் தெருவில் பாதிக்கு மேல் ஓட்டு வீடுகள். 2025 மே 7 அன்று நடந்த போர்க்கால ஒத்திகை நம் பக்கம் வரவில்லை. தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது, நாமும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

அபாயச் சங்கு (சைரன்) ஏறி இறங்கி ஊதினால் ஆபத்து, ஒரே சீராக ஊதினால் நீங்கியது. சன்னலை விட்டு விலகிக் குப்புறப் படுத்துக் காதைப் பொத்த வேண்டும். இதெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டேன். சிக்கல் பதுங்குகுழிதான். ஐப்பசி, கார்த்திகையில் இந்தக் களிமண்ணில் குழி வெட்டினால் தண்ணீர்தான் நிற்கும். வீட்டுக்குள் இருந்தால் ஓடு சரியும். அப்புறம், நடக்க முடியாத பெரியவர்களை எங்கே சேர்ப்பது? கான்கிரீட் போட்ட பள்ளிக்கூடம் போதுமா?

ராணுவத்திலோ ஊர்க்காவல் படையிலோ பயிற்சி பெற்ற அண்ணன்கள், அக்காக்கள் யாராவது ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து காட்ட முடியுமா? தெருவே கூடி நிற்போம்.