Re: முழுச் சிப்பக் கணக்குக்கு ஒரு சொல்

அன்பர்களுக்கு வணக்கம். சரக்கைப் பல தவணைகளில், முழுச் சிப்பங்களாக (பிரிக்காத கட்டுகளாக) மட்டும் வரவழைக்கும் கணக்குக்கு மென்பொருளில் இட ஒரு தமிழ்ச் சொல் தேடுகிறோம்.

> 'பொதி முழுமையாக்கம்' போதாதா?

போதாது. முதலில் 'பொதி'. கணினித் தமிழில் அது ஏற்கெனவே மென்பொருள் தொகுப்புக்குப் போய்விட்டது. சரக்குக்குச் 'சிப்பம்' இருக்கிறது, வணிகர் வாயில் புழங்கிய சொல்.

அதைவிடப் பெரிய சிக்கல், இங்கே இருப்பது ஒரு வேலையல்ல, இரண்டு. சிப்பத்துக்கு 12 உருப்படி. நான்கு தவணைகளில் தலா 30 வேண்டும். ஒவ்வொரு தவணையையும் தனியாக மேல்நோக்கி முழுச் சிப்பங்களாக முழுதாக்கினால் 36 வீதம் 144 வந்து இறங்கும், தேவையோ 120தான். கிடங்கில் 24 தேங்கும். தொடர் கூட்டுத்தொகையை (30, 60, 90, 120) முழுதாக்கினால் 36, 60, 96, 120 ஆகும். அதாவது தவணைக்கு 36, 24, 36, 24. ஒரு சிப்பமும் உடையவில்லை, ஓர் உருப்படியும் மிஞ்சவில்லை.

முதல் முறையைச் 'சிப்ப முழுதாக்கல்' என்போம். இரண்டாவதற்கு என் பரிந்துரை 'சிப்பநிரவல்'.

> நிரவல் என்றால் சமமாகப் பிரிப்பது அல்லவா? 36, 24 சமமில்லையே?

நிலத்தை நிரவுகிறவர் மண்ணை அளந்து பங்கிடுவதில்லை; மேட்டில் வெட்டிப் பள்ளத்தில் போடுகிறார். ஆசிரியர் பணிநிரவலும் அப்படித்தான், உபரி உள்ள பள்ளியிலிருந்து பற்றாக்குறைப் பள்ளிக்கு. இங்கே முதல் தவணையில் கூடுதலாக வந்த 6 இரண்டாவதன் தேவையில் கழிகிறது.

அந்த 6-ஐ 'நிலுவை' என்று எழுதியிருந்தீர்கள். வேண்டாம். நிலுவை வரவேண்டியது; இது வந்துவிட்டது. 'முன்வரவு' என்றால் கணக்கர் தடுமாற மாட்டார்.

> மொத்தமே சிப்பத்தில் அடங்காவிட்டால்?

அப்போதும் நிரவல்தான், கடைசியில் கொஞ்சம் மிஞ்சும். 25 வீதம் மூன்று தவணை என்றால் 36, 24, 24 வரும். மொத்தம் 84, தேவை 75, மிகை 9. தனித்தனியே முழுதாக்கியிருந்தால் மிகை 33. அடுத்த ஒப்பந்தம் இல்லாவிட்டால் அந்த 9 வெறும் மிகை, முன்வரவல்ல. இரண்டையும் ஒரே நிரலில் போட்டுவிடாதீர்கள்.

பொத்தானுக்குச் 'சிப்பம் நிரவு' என்று இட்டுப் பார்த்தேன். கைபேசித் திரையில் ஒரே வரியில் அடங்குகிறது. 'பொதி முழுமையாக்கம் செய்' இரண்டாக மடிந்தது.

'தவணை'தான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. கடன் வாடை அடிக்கிறது. வேறு சொல் இருந்தால் எழுதுங்கள்.