ஸ்ரீநகர் விமானம் ரத்து: டெல்லியிலிருந்து எங்கே செல்லலாம்?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். மதுரையிலிருந்து டெல்லி வழியாக ஸ்ரீநகர் செல்லப் புறப்பட்ட நாங்கள், அங்கு பெய்யும் கடும் பனியால் விமானம் ரத்தானதை அடுத்து டெல்லியிலேயே தங்கியிருக்கிறோம். வானிலை காரணம் என்பதால் இழப்பீடு கிடைக்காது. மாற்று விமானத்துக்குக் காத்திருக்காமல் கட்டணத்தைத் திரும்பக் கேட்டுவிட்டோம். ஊர் திரும்பும் விமானம் ஞாயிறு இரவுதான் என்பதால், அதுவரை அறையில் முடங்கிக் கிடக்க விருப்பமில்லை.

முழங்கால் வலியுள்ள என் மாமியாரும், பனியைப் பார்த்தே தீர வேண்டும் என்று அடம்பிடிக்கும் பிள்ளைகளும் உடன் இருக்கிறார்கள். கால்காவிலிருந்து சிம்லாவுக்கு 96 கிலோமீட்டர் மலைப்பாதையில் செல்லும் சிறிய ரயில் இருவருக்கும் பொருந்தும் என நினைக்கிறேன்; ஆனால் ஐந்து மணி நேரத்துக்கும் மேல் உட்கார்ந்திருப்பது பெரியவர்களுக்குச் சிரமமாக இருக்குமா, ஜனவரியில் முன்பதிவின்றி இடம் கிடைக்குமா என்பதைச் சென்றுவந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஆக்ரா இன்னொரு யோசனை. வெள்ளிக்கிழமை தாஜ் மகால் மூடப்பட்டிருக்கும் என்பதால் சனிக்கிழமைதான் செல்ல முடியும். மூடுபனிக் காலத்தில் யமுனா விரைவுச்சாலையில் விடியற்காலையில் காரில் செல்ல எனக்குத் துணிவில்லை (கணவருக்கு இருக்கிறது, அது வேறு விஷயம்). காலை ரயில்கள் இப்போது எவ்வளவு தாமதமாகின்றன?

எங்கும் செல்ல இயலாவிட்டால், பிள்ளைகளுக்குச் சாணக்கியபுரி ரயில் அருங்காட்சியகமும், மாமியாருக்கு ராமகிருஷ்ணபுரம் மலை மந்திர் முருகன் கோயிலும் போதும். அக்கோயிலில் படியேறாமல் சன்னிதிவரை செல்ல வழியுண்டா என்பதை டெல்லிவாழ் அன்பர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.

கடைசியாக ஒன்று: ஸ்ரீநகர் படகு வீட்டுக்குக் கட்டிய முன்பணத்தைத் தர மறுக்கிறார்கள். பயணத் தேதியை ஏப்ரலுக்கு மாற்றித் தருமாறு கேட்டால் ஒப்புக்கொள்வார்களா?