இரண்டு லித்தியம் பேட்டரிகளை இணையாக இணைத்து ஒரே சார்ஜரில் ஏற்றலாமா?

கேள்வி: தங்கச்சிமடம் வாசகர்

எங்கள் நாட்டுப்படகில் ஜி.பி.எஸ்., எக்கோ சவுண்டர், வயர்லெஸ், எல்.இ.டி. விளக்குகள் ஆகியவற்றுக்கு 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஒன்று இருக்கிறது. இரவு முழுவதும் கடலில் தங்கினால் அது போதவில்லை என்பதால், அதே நிறுவனத்தின் அதே அளவுள்ள புதிய பேட்டரி ஒன்றை வாங்கியுள்ளோம். இரண்டையும் இணையாக (நேர்முனையோடு நேர்முனை, எதிர்முனையோடு எதிர்முனை) இணைத்து, கரையில் உள்ள 14.6 வோல்ட், 20 ஆம்பியர் சார்ஜரில் ஒன்றாக ஏற்ற விரும்புகிறேன். மல்டிமீட்டரில் பழையது 13.2, புதியது 13.1 வோல்ட் காட்டுகின்றன. வோல்ட் ஏறத்தாழச் சமமாக இருப்பதால் அப்படியே இணைத்துவிடலாம் என்று விற்றவர் சொல்கிறார். அவர் சொல்வதை நம்பலாமா? படகில் உள்ள பழைய ஈய-அமில பேட்டரியையும் இவற்றோடு சேர்க்கலாமா?

பதில்: பாம்பன் மின்பணியாளர்

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: கூடாது. ஈய-அமில பேட்டரி ஓய்வில் 12.7 வோல்ட் அளவில் நிற்கும். லித்தியம் 13 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். இரண்டையும் கட்டிவைத்தால் லித்தியம் பேட்டரி ஓயாமல் மற்றதற்கு ஏற்றிக்கொண்டே இருக்கும்.

வோல்ட்டைப் பொறுத்தவரை, விற்றவர் சொன்னது பாதிதான் சரி. இந்த வகை பேட்டரியில் கால் பங்கு மின்னூட்டம் இருந்தாலும் முக்கால் பங்கு இருந்தாலும் மீட்டர் ஏறத்தாழ ஒரே எண்ணைத்தான் காட்டும். நடுப்பகுதியில் அதன் வோல்ட் வளைவு அவ்வளவு தட்டையானது. ஆகவே 13.2, 13.1 என்ற எண்களைக் கொண்டு எது எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று தீர்மானிக்க முடியாது. ஒவ்வொன்றையும் தனித்தனியே 14.6 வோல்ட் வரை ஏற்றி, மின்னோட்டம் சில ஆம்பியராகக் குறையும் வரை பொறுத்திருந்து, சில மணி நேரம் ஓய்வளித்த பிறகு இணையுங்கள். அதன் பின் இரண்டையும் ஒன்றாகவே ஏற்றலாம், ஒன்றாகவே செலவிடலாம். ஒவ்வொரு முறையும் பிரிக்க வேண்டியதில்லை.

உங்கள் 20 ஆம்பியர் சார்ஜர் இதற்குப் பொருத்தமானதே. இரண்டில் ஒன்றின் பி.எம்.எஸ். (பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு மின்சுற்று) துண்டித்துக்கொண்டாலும் முழு மின்னோட்டமும் மற்றொன்றுக்குப் போகும். 100 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 20 ஆம்பியர் அதிகமில்லை. பெரிய சார்ஜர் வாங்குபவர்கள்தான் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஈய-அமில பேட்டரிக்கான சார்ஜரைப் பயன்படுத்தாதீர்கள். அவற்றில் சில, இடையில் 15 வோல்ட்டுக்கு மேல் ஏற்றும் முறைக்குத் தாமாகவே மாறிவிடும்.

பதில்: தொண்டி வாசகர்

முந்தைய பதிலை ஏற்கிறேன். ஆனால் ஆபத்து எங்கே இருக்கிறது என்பதைச் சற்றுத் தெளிவுபடுத்த வேண்டும் என்று நினைக்கிறேன். வளைவு தட்டையாக இருப்பதாலேயே, நடுப்பகுதியில் உள்ள இரண்டு பேட்டரிகளை இணைக்கும்போது அவற்றுக்கிடையே பாயும் மின்னோட்டமும் குறைவாகவே இருக்கும். உண்மையான ஆபத்து, ஒன்று ஏறத்தாழக் காலியாகவும் மற்றொன்று நிறைந்தும் இருக்கும்போதுதான். ஒன்று 13.3, மற்றொன்று 12.0 வோல்ட் என்று கொள்ளுங்கள், வித்தியாசம் 1.3 வோல்ட். பேட்டரிகள், கேபிள், லக் (கேபிள் நுனியில் மாட்டும் உலோக வளையம்) எல்லாவற்றின் தடையும் சேர்ந்து 20 மில்லி ஓம் என்றால், இணைத்த கணத்தில் 65 ஆம்பியர் பாயும். பி.எம்.எஸ்.ஸின் வரம்பு 100 ஆம்பியர் என்றால் அது இதைத் தடுக்காது. மூன்று சக்கர வண்டிகளிலிருந்து கழற்றிய என்.எம்.சி. (நிக்கல்-மாங்கனீசு-கோபால்ட்) வகை லித்தியம் பேட்டரிகளில் வளைவு செங்குத்தானது என்பதால் இந்தச் சிக்கல் இன்னும் கடுமையாகும். அவற்றை இரும்பு பாஸ்பேட்டோடு இணைப்பதை நினைத்தும் பார்க்கக் கூடாது.

ஃபியூஸைப் பற்றி யாரும் சொல்லவில்லை. ஒவ்வொரு பேட்டரியின் நேர்முனைக்கும் அருகில் தனித்தனி ஃபியூஸ் வேண்டும். ஒன்றில் உட்குறுக்கு (உள்ளே ஷார்ட்) ஏற்பட்டால் மற்றது அதற்குள் மின்சாரத்தைக் கொட்டும். கார் கடையில் கிடைக்கும் கண்ணாடி ஃபியூஸ் அந்தக் குறுக்கு மின்னோட்டத்தை அறுக்கும் திறன் கொண்டதன்று. கிளாஸ் டி (Class T) வகையைக் கேட்டு வாங்குங்கள்.

பதில்: மண்டபம் விசைப்படகு உரிமையாளர்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் எங்கள் படகுகள் கரையிலேயே நிற்கின்றன. வயர்லெஸ் போன்ற ஏதாவது ஒன்று சிறிதளவு மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டே இருப்பதால், பேட்டரி காலியாகி பி.எம்.எஸ். துண்டித்துவிடும், முனைகளில் மீட்டர் ஒன்றிரண்டு வோல்ட் காட்டும், சில சமயம் எதுவும் காட்டாது. உடனே நிறைந்த பேட்டரி ஒன்றை அதன் மேல் மாட்டி எழுப்புவது துறைமுகத்தில் வழக்கமாக இருக்கிறது. இது பாதுகாப்பானதா?

பதில்: பாம்பன் மின்பணியாளர்

இல்லை ஐயா. தொண்டி நண்பர் சொன்ன, ஒன்று காலி, மற்றொன்று நிறைவு என்ற நிலைதான் இது. துண்டித்த பி.எம்.எஸ்.ஸை எழுப்பும் வசதியுள்ள லித்தியம் சார்ஜரில், சில ஆம்பியர் அளவில் மெதுவாக ஏற்ற வேண்டும். பல மாதங்கள் காலியாகவே கிடந்து செல் ஒன்றின் வோல்ட் மிகவும் இறங்கிப்போயிருந்தால், அந்த பேட்டரியை மீட்க முயலாமல் ஒதுக்கிவிடுவதே நல்லது. தடைக்காலத்துக்கு முன்பு பாதியளவு மின்னூட்டத்தோடு, இணைப்பைக் கழற்றி, வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

கேள்வி: தங்கச்சிமடம் வாசகர்

இரண்டையும் தனித்தனியே ஏற்றிவிட்டுத்தான் இணைக்கப் போகிறேன். சார்ஜரின் இரண்டு முனைகளையும் முதல் பேட்டரியிலேயே மாட்டலாமா?

பதில்: தொண்டி வாசகர்

வேண்டாம். நேர்முனையை முதல் பேட்டரியிலும் எதிர்முனையை இரண்டாவது பேட்டரியிலும் மாட்டுங்கள். விளக்குகளுக்குச் செல்லும் கம்பிகளையும் அப்படியே எடுங்கள். இரண்டின் பாதையிலும் தடை சமமாக இருந்தால்தான் மின்னோட்டமும் சமமாகப் பகிரப்படும். உப்புக்காற்றில் ஒரு லக் பச்சை பூத்துவிட்டாலே அந்தச் சமன் கெட்டுவிடும் என்பதால், வெள்ளீயப் பூச்சுள்ள செம்புக் கேபிளையே வாங்கி, லக்கை நன்றாகக் கிரிம்ப் செய்து (கருவியால் அழுத்திப் பொருத்தி), அதன் மேல் வெப்பத்தில் சுருங்கும் உறையைப் போடுங்கள்.