வேகன்ஆர்க்கு பின்னாடி மாட்டுற சைக்கிள் ரேக், எது எடுக்கலாம்?

போரூர்பெடல்:
வணக்கம் மக்களே, ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும் இருந்தேன், இப்பதான் முதல் தடவையா கேக்கறேன். என்கிட்ட இருக்கறது 2020 வேகன்ஆர், ஸ்பாய்லர் (கூரையோட பின் ஓரத்துல நீட்டிட்டு இருக்கற பட்டை) கிடையாது, பின்னாடி வைப்பர் இருக்கு. வீட்ல நாங்க மூணு பேர். என்னோட சைக்கிள் அலுமினியம் ஹைப்ரிட், வீட்டு தராசுல நிறுத்துப் பாத்தேன் 14 கிலோ, பொண்ணோடது 24 இன்ச் கியர் சைக்கிள், அது 12 கிலோ. பொங்கல் லீவுல ஏலகிரி போலாம்னு இருக்கோம், அந்த 14 ஹேர்பின்னையும் கீழ இருந்து மிதிச்சு ஏறணும்னு எனக்கு ரெண்டு வருஷமா ஆசை, பொண்ணுக்கு மேல புங்கனூர் ஏரியைச் சுத்தி ஓட்டணும்.

ரூஃப் ரேக் வேணாம், கார் ஏற்கனவே உயரம், அதுக்கு மேல சைக்கிளைத் தூக்கி வைக்க என் தோள் ஒத்துழைக்காது. அதனால டிக்கில பெல்ட் போட்டு மாட்டுற மாதிரி ரேக் பாக்கறேன். ஆன்லைன்ல மூவாயிரம் சொச்சத்துல இருந்து இருபதாயிரம் தாண்டியும் இருக்கு, பாத்தா எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியுது, எதுக்கு இவ்ளோ வித்தியாசம்னு புரியல. என் பட்ஜெட் 12 ஆயிரம். டிக்கி தகடு நசுங்குமா, பெயிண்ட் போகுமா, போலீஸ் பிடிப்பாங்களா, இதான் பயம். யூஸ் பண்ணவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

கொங்குசக்கரம்:
வணக்கமுங்க. நான் கோயம்புத்தூர், பெல்ட் ரேக் மூணு வருஷமா வச்சிருக்கேன், வால்பாறைக்கே நாலஞ்சு தடவை கட்டிட்டு போயிருக்கேன், அந்த 40 கொண்டை ஊசி வளைவுல ஒரு தடவை கூட சைக்கிள் அசைஞ்சதில்லீங்க. ஆனா எந்த ரேக் நல்லதுன்னு தேடறதுக்கு முன்னாடி உங்க டிக்கியைப் பாருங்க, ரேக் எல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

இந்த ரேக் எப்படி நிக்குதுன்னு புரிஞ்சா பாதி கேள்விக்கு பதில் வந்துருமுங்க. வெயிட்டு முழுக்க மேல் பெல்ட்லதான் தொங்குது, அந்த கொக்கி டிக்கிக்கும் கூரைக்கும் நடுவுல இருக்கற இடுக்குல போய் மாட்டணும். கால் ரெண்டும் டிக்கி மேலயோ பம்பர் மேலயோ அழுத்தி நிக்கும். கீழ் பெல்ட் எதுக்குன்னா பள்ளத்துல ரேக் எகிறாம இருக்க, சைடு பெல்ட் வளைவுல இப்படி அப்படி ஆடாம இருக்க. ஆக ஆறு கொக்கிக்கும் தகடு விளிம்பு வேணும், கண்ணாடி விளிம்போ பிளாஸ்டிக்கோ ஆகவே ஆகாது. சில புது கார்ல டிக்கியே பிளாஸ்டிக் மாதிரி வருது, சிலதுல பெரிய ஸ்பாய்லர், அவங்களுக்கெல்லாம் இந்த ரேக் சரிப்படாதுங்க. உங்களுது நேரா நிக்கற தகடு டிக்கி, ஸ்பாய்லரும் இல்ல, அந்த விதத்துல நீங்க கொடுத்து வச்சவங்க. ஒண்ணே ஒண்ணு, வேகன்ஆர்ல டெயில் லேம்ப் செங்குத்தா டிக்கியை ஒட்டியே இருக்குமுங்க, சைடு கொக்கி லேம்ப் பிளாஸ்டிக்கை இழுக்காம டிக்கி தகட்டோட ஓரத்தைத்தான் பிடிக்குதான்னு பாத்துக்கோங்க.

நசுங்கறதைப் பத்தி கேட்டீங்க. டிக்கி நடுவுல கட்டை விரலால அமுக்கிப் பாருங்க, உள்ள போய் வரும், அந்த இடத்துல ரேக் காலை வச்சா கண்டிப்பா பள்ளம் விழும். மடிப்பு இருக்கற இடம், ஓரம், கீழ பம்பரை ஒட்டின இடம் இங்கெல்லாம் அமுக்குனா அசையாது, கால் அங்க வரணும். அதனாலதான் கால் ஏங்கிள் மாத்த முடியற ரேக்கா வாங்கச் சொல்றேன். விலை வித்தியாசம் பெரும்பாலும் இதுலயும் பக்கிள்லயும்தான் இருக்குதுங்க. சாரிஸ் போன்ஸ்னு ஒரு ரேக், வளைஞ்ச எலும்பு மாதிரி இருக்கும், பாடி பிளாஸ்டிக்ல வார்த்தது, துருவே பிடிக்காது, ஈசிஆர் உப்புக்காத்துல இரும்பு ரேக் ரெண்டு மழைக்கு மேல தாங்காது பாருங்க. அதுல ரெண்டு சைக்கிள் மாடல்ல ஒரு சைக்கிளுக்கு 16 கிலோ வரை சொல்லியிருக்காங்க, உங்க ரெண்டுமே அதுக்குள்ள வருது. புதுசு உங்க பட்ஜெட்டுக்கு மேல போகும், செகண்ட்ஸ்ல கிடைச்சா விடாதீங்க, பெல்ட் மட்டும் நைஞ்சிருக்கான்னு பாத்து வாங்குங்க. இன்னொண்ணு, அமெரிக்க கம்பெனிங்க எந்த காருக்கு எந்த ரேக்னு லிஸ்ட் போடுவாங்க, அதுல நம்ம வேகன்ஆர் இருக்காது, அதைப் பாத்து பயந்துராதீங்க.

சீட்மடிப்பு:
வாங்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை உள்ள வச்சுப் பாருங்க சார். வேகன்ஆர் டிக்கி 341 லிட்டர், கூரை வேற உயரம். பின் சீட்டை ஒரு பக்கம் மட்டும் மடிக்கற மாதிரி இருந்தா ரெண்டு சைக்கிளோட முன் வீலையும் கழட்டிட்டு, பழைய பெட்ஷீட் நடுவுல போட்டு, செயின் பக்கம் கீழ இல்லாம வச்சா போயிரும். பொண்ணு இன்னொரு பக்கம் உக்காந்துக்கலாம். நான் ஸ்விஃப்ட்லயே ஒரு சைக்கிள் இப்படித்தான் கொண்டு போறேன். மழை, தூசி, திருட்டு ஒரு கவலையும் இல்ல, ஹோட்டல்ல நிறுத்திட்டு நிம்மதியா சாப்பிடலாம். ஹைவேல டீக்கடைக்கு நிறுத்தினாக்கூட ரேக்ல இருக்கற சைக்கிளை விட்டு கண்ணை எடுக்க முடியாது, அதை யோசிங்க.

போரூர்பெடல்:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. @சீட்மடிப்பு நேத்து நைட்டே ட்ரை பண்ணேன் சார், என் சைக்கிள் ஒண்ணு மட்டும்னா அழகா போகுது, ரெண்டாவது வச்சா துணிப்பை வைக்க இடமில்ல, மனைவி பின்னாடி உக்கார வேண்டி வந்தா அவ்ளோதான், மூணு நாள் ட்ரிப்புக்கு அது ஆகாது. தனியா போறப்ப இனிமே இப்படித்தான் போவேன், இத்தனை நாள் தோணவே இல்ல.

@கொங்குசக்கரம் அண்ணா நீங்க சொன்ன மாதிரி விரல் வச்சு அமுக்கிப் பாத்தேன், நடுவுல நல்லா உள்ள போகுது, கீழ் ஓரம் கெட்டியா இருக்கு. இன்னும் ரெண்டு டவுட். பொண்ணு சைக்கிள்ல மேல் பார் சரிஞ்சு கீழ இருக்கு, ரேக் கைல எப்படி மாட்டறது? அப்புறம் என் சைக்கிள் டேப் வச்சு அளந்தேன் 175 செமீ வருது, கார் அகலம் 1620 மிமீ, ரெண்டு பக்கமும் நீட்டிக்கிட்டு நிக்குமே?

கொங்குசக்கரம்:
சரிஞ்ச பாருக்கு தனியா அடாப்டர் பார் விக்கறாங்க, சீட் போஸ்ட்ல ஒரு முனை, ஹேண்டில் பக்கம் ஒரு முனை மாட்டுனா நேரா ஒரு பார் மாதிரி நிக்கும், அதைப் பிடிச்சு தொங்க விடலாமுங்க. லேடீஸ் சைக்கிளுக்கும் அதேதான். நீங்க அலுமினியம்ங்கறதால பிரச்சனை இல்ல, படிக்கற வேற யாராச்சும் கார்பன் ஃபிரேம் வச்சிருந்தா பார்ல பெல்ட் இறுக்கி தொங்க விடாதீங்க, ஃபிரேம் உள்ளுக்குள்ள கீறல் விட்டா வெளிய தெரியாது.

நீளம் பக்கத்துக்கு ஆறேழு செமீதானுங்க வருது, நடுவுல பாத்து மாட்டுனா சைடு மிரரைத் தாண்டாது. ஆனா ரிவர்ஸ் எடுக்கும்போதும் சந்துல திரும்பும்போதும் அது ஞாபகத்துல இருக்கணும், ரிவர்ஸ் சென்சார் வேற சைக்கிளைப் பாத்தே கத்திட்டு இருக்கும். முன் வீலைக் கழட்டி உள்ள வச்சுட்டா இந்த தொல்லையே இல்ல, ரேக்லயும் வெயிட் குறையும். வெயிட்டான சைக்கிள் காரை ஒட்டி, லேசானது வெளிய, இதை மாத்திறாதீங்க, வெளிய போகப் போக மேல் பெல்ட் மேல இழுவை ஏறிக்கிட்டே போகும்.

லண்டன்மிதி:
அண்ணை, நான் லண்டனில இருக்கிறன், இங்கத்தைய ஆக்கள் எப்பிடிச் செய்யினம் எண்டு சொன்னா உங்களுக்கும் உதவும் எண்டு எழுதுறன். இங்க கனபேர் காருக்குப் பின்னால டோ பார் (ட்ரெயிலர் இழுக்கிற, நுனியில உருண்டை இருக்கிற இரும்பு) பூட்டி, அந்த உருண்டைக்கு மேல தட்டு மாதிரி ஒரு ரேக்கை வைச்சு, சைக்கிளை அதில நிப்பாட்டிக் கொண்டுபோவினம். டிக்கியில ஒண்டும் முட்டாது, பாரமான எலக்ட்ரிக் சைக்கிளும் ஏத்தலாம், தூலே கம்பனியின்ர சில மொடல் சைக்கிளோட சரிஞ்சு டிக்கியைத் திறக்கவும் விடும். நல்ல சாமான்தான், ஆனா ரேக்கே 15, 20 கிலோ வரும், விலையும் கூட. சின்னக் காருக்கு டோ பார் பூட்டுறது வேற செலவு.

நான் சொல்ல வந்தது நம்பர் பிளேட்டைப் பற்றி. இங்க ரேக் பிளேட்டையோ லைட்டையோ மறைச்சா சட்டப்படி பிழை, அதால ஆக்கள் லைட்டும் பிளேட்டும் சேர்ந்த ஒரு பலகையை ரேக்குக்குப் பின்னால கட்டி, வயரைக் காரில செருகி ஓடுவினம். முதல் தரம் நான் அது இல்லாமல் வெளிக்கிட்டு, பின்னால வந்த மனுசனுக்கு நான் பிரேக் பிடிச்சதே தெரியாமல் மட்டுமட்டாய்த் தப்பினனான். மகளும் காருக்குள்ள இருந்தவள். அண்டைக்குப் பிறகு அந்தப் பலகை இல்லாமல் நான் றோட்டில இறங்குறதில்லை. நீங்களும் உதைக் கட்டாயம் பாருங்கோ.

தாம்பரம்ரைடர்:
லண்டன் நண்பர் சொன்னதைத்தான் நானும் சொல்ல வந்தேன். இங்கயும் விதி தெளிவா இருக்கு, 1989 மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 105வது விதிப்படி பின் சிவப்பு லைட் 155 மீட்டர் தூரத்துல இருந்து தெரியணும், பின் நம்பர் பிளேட் லைட் வெளிச்சத்துல 15 மீட்டர்ல இருந்து படிக்க முடியணும். அப்ப சைக்கிள் மாட்டினதுக்கு அப்புறம் 15 மீட்டர் அதாவது மூணு நாலு கார் நீளம் பின்னாடி போய் நின்னு பாருங்க, மனைவியை பிரேக் மிதிக்கச் சொல்லுங்க, இண்டிகேட்டர் போடச் சொல்லுங்க, இருட்டுல ஒரு தடவை, பகல்ல ஒரு தடவை. உங்க கார்ல லேம்ப் செங்குத்தா உயரமா இருக்கறதால வீலுக்கு நடுவுல தெரிஞ்சுரும், பிளேட்தான் டிக்கி நடுவுல இருக்கு, ரேக் கையை ஒரு நாட்ச் மேல தூக்கி மாட்டினா பெடலுக்கு கீழ பிளேட் தெரிய வாய்ப்பு இருக்கு. பிளேட் மறைஞ்சா அப்படியே கிளம்பாதீங்க, நிறைய பேர் யாரும் கேக்க மாட்டாங்கன்னு போறாங்க, போலீஸுக்காக இல்லைன்னாலும் பின்னாடி வர்றவனுக்காக.

இன்னொரு விஷயம், இதை எழுத மனசு கஷ்டமாத்தான் இருக்கு ஆனா எழுதறேன். ரெண்டு வருஷம் முன்னாடி திண்டிவனம் தாண்டி போயிட்டு இருக்கும்போது என் ரேக்கோட ஒரு பக்க பெல்ட் லூசாகி சைக்கிள் ரோட்டுல விழுந்துச்சு. பின்னாடி வந்த வேன் டிரைவர் தூரம் விட்டு வந்ததால ஒதுங்கிட்டார், அங்க ஒரு பைக் வந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு இன்னைக்கும் நினைச்சா தூக்கம் வராது. ரேக் மேல தப்பு சொல்ல மாட்டேன், காலைல வீட்ல இறுக்கினதோட சரி, வழில ஒரு தடவை கூட நிறுத்தி பாக்கல. புது பெல்ட் முதல் 10, 15 கிலோமீட்டர்ல கண்டிப்பா தளரும், இழுபட்டு கொக்கி இடுக்குல போய் உக்காரும், அப்ப நிறுத்தி மறுபடி இறுக்கணும். அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவை டீ குடிக்க நிறுத்தும்போதும் ரேக்கைப் பிடிச்சு ஒரு உலுக்கு உலுக்குங்க, கார் சேர்ந்து ஆடணும், ரேக் மட்டும் ஆடினா இறுக்கணும். மிச்ச பெல்ட் முனையை முடிச்சு போட்டுருங்க, காத்துல படபடன்னு அடிச்சே பக்கிள் நழுவும். இப்ப நான் ரேக்குக்கு மேல தனியா ஒரு கயிறு வேற சைக்கிள் ஃபிரேம்ல இருந்து கார்ல கெட்டியான இடத்துக்கு கட்டறேன், ரேக்கே விட்டாலும் சைக்கிள் ரோட்டுக்கு போகாது. 80க்கு மேல ஓட்டறதில்ல, ஸ்பீட் பிரேக்கர்ல நடக்கற வேகம்தான்.

சைலன்சர் எந்த பக்கம்னு பாத்து டயர் அதுக்கு நேரா வராம மாட்டுங்க, ரொம்ப நேரம் சூடு பட்டா டயர் இளகிரும்.

போரூர்பெடல்:
எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. அப்டேட் போடறேன், யாருக்காச்சும் வேகன்ஆர் இருந்தா உதவும். கால் ஏங்கிள் மாத்தற டைப் ரேக் செகண்ட்ஸ்ல ஒன்பதாயிரத்துக்கு கிடைச்சுது, அடாப்டர் பார் தனியா வாங்கினேன். டிக்கியை ஷாம்பூ போட்டு கழுவி துடைச்சுட்டுதான் கால் வச்சேன், தூசி இருந்தா அதுவே உப்புத்தாள் மாதிரி தேய்க்கும்னு பெயிண்ட் கடைக்காரர் சொன்னார், கால் படற ரெண்டு இடத்துலயும் பெயிண்ட் பாதுகாக்கற டிரான்ஸ்பரண்ட் ஃபிலிம் ஒட்டிட்டேன். சைடு கொக்கி முதல் தடவை லேம்ப் மேலதான் உக்காந்துச்சு, ரெண்டு இன்ச் மேல தள்ளினதும் தகட்டைப் பிடிச்சுக்கிச்சு. ரெண்டு சைக்கிளுக்கும் நடுவுல பெடல் உரசற இடத்துல ஏசி பைப்புக்கு போடற ஃபோமை வெட்டி சுத்தினேன்.

முதல்ல மாட்டினப்ப பொண்ணு சைக்கிளோட பின் வீல் பிளேட்ல கடைசி ரெண்டு நம்பரை மறைச்சுது. சைக்கிளைத் திருப்பி மாட்டி, முன் வீல் ரெண்டையும் கழட்டி உள்ள வச்சதும் முழுசா தெரிஞ்சுது, நானே 15 மீட்டர் அளந்து போய் நின்னு படிச்சேன், பகல்லயும் நைட்லயும். ஞாயித்துக்கிழமை காலைல கோவளம் வரை போய் வந்தோம். ரைடர் அண்ணா சொன்ன மாதிரி 12 கிலோமீட்டர்ல நிறுத்திப் பாத்தா மேல் பெல்ட் ரெண்டு விரல் நுழையற அளவு தளர்ந்திருந்துச்சு, எனக்கு அந்த இடத்துலயே கை நடுங்கிடுச்சு. இறுக்கினதுக்கு அப்புறம் வீடு வர்ற வரை அசையல. தனிக் கயிறும் கட்டியாச்சு.

தாம்பரம்ரைடர்:
சந்தோஷம்பா. ஏலகிரிக்கு கிளம்பற அன்னைக்கு ஸ்ரீபெரும்புதூர்ல ஒரு தடவை, வேலூர்ல ஒரு தடவை நிறுத்து. பகல்லயே போய் சேர்ற மாதிரி கிளம்பு.