லாக்: பதிவு வேண்டாம், சிட்டை போதும்

குழுவினருக்கு வணக்கம்.

மென்பொருள் தன் நடப்பைத் தானே குறித்துவைக்கும் கணினி லாக் (log) என்பதற்குத் தமிழில் 'பதிவு' என்றே முடித்துவிடலாம் என்று நேற்று ஐயா எழுதியிருந்தார். நானும் ஒருகாலத்தில் அப்படித்தான் முடித்தேன். பட்ட பிறகுதான் புத்தி வந்தது.

கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் ஒரு மொத்தக் கடைக்கு பில் போடும் மென்பொருளைத் தமிழாக்கிக் கொடுத்தேன். லாக் கோப்பு பெருத்து இடத்தை அடைத்தால் காலி செய்ய ஒரு பொத்தான் உண்டு. அதற்குப் 'பதிவுகளை அழி' என்று பெயர் வைத்தேன். மறுநாளே அண்ணாச்சியிடமிருந்து போன். "ஏன் தம்பி, இதை அமுக்கினா ஆறு மாசத்துக் கணக்கும் போயிருமா?"

அவர் பயந்தது நியாயம்தான். தரவுத்தளத்தில் இருக்கும் ரெக்கார்டும் பதிவு, சார்பதிவாளர் ஆபீசில் நடப்பதும் பதிவு, ஒலிப்பதிவும் பதிவு, முகநூலில் போடுவதும் பதிவு. எந்தப் பதிவை அழிக்கிறோம் என்று யாருக்குத் தெரியும்? யார் எத்தனை மணிக்குத் திறந்தார்கள், எங்கே மக்கர் செய்தது என்று மென்பொருள் தன்பாட்டுக்கு வரிவரியாகக் குறித்துக்கொள்ளும், அதைத்தான் அழிக்கிறோம் என்று விளக்கினேன். "அட, சிட்டைன்னு சொல்லுங்க" என்றார். கடையில் நடப்பதை அவ்வப்போது குறித்துவைக்கும் ஏட்டைத்தான் அவர் அப்படிச் சொன்னார்.

அன்றிலிருந்து நான் சிட்டைக் கட்சி.

ஆங்கிலச் சொல்லின் வரலாறும் ஏறக்குறைய இதே மாதிரிதான். லாக் என்றால் மரக்கட்டை. பழைய கப்பல்களில் வேகம் பார்க்க ஒரு மரத்துண்டைக் கயிற்றில் கட்டிக் கடலில் போடுவார்கள். பிற்காலத்தில் அது கால்வட்டப் பலகையானது. தண்ணீரில் செங்குத்தாக நிற்பதற்காக வளைந்த ஓரத்தில் ஈயம் வைத்திருப்பார்கள். பலகை நின்ற இடத்திலேயே நிற்கும், கப்பல் முன்னே போகும், கயிறு உருவிக்கொண்டே ஓடும். கயிற்றில் சீரான இடைவெளியில் முடிச்சுகள். அரை நிமிடத்துக்குச் சற்றுக் குறைவான மணற்கடிகாரம் தீர்வதற்குள் எத்தனை முடிச்சு கையைத் தாண்டியது என்று எண்ணுவார்கள். கடல் வேகத்துக்கு நாட் என்று பேர் வந்தது இந்த முடிச்சால்தான். ஒரு நாட் என்றால் மணிக்கு 1.852 கிலோமீட்டர். எண்ணியதை எழுதிவைத்த புத்தகம் லாக் புக். அதில் காற்று, திசை, கப்பலில் நடந்த சங்கதி எல்லாம் சேர்ந்துகொண்டன. கடைசியில் கட்டை கடலோடு போயிற்று, பேர் மட்டும் கணினிக்குள் வந்துவிட்டது. வெப்லாக் சுருங்கி பிளாக் ஆனதும் அதே கட்டையிலிருந்து கிளைத்ததுதான்.

(கட்டையைக் கட்டி அதன்மேலேயே ஏறிக் கடலுக்குப் போனவர்கள் நாம். அந்தக் கட்டுமரத்தை ஆங்கிலம் வாங்கிக்கொண்டது. காசிமேட்டில் நின்றுகொண்டு இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம், ஆனால் நம் கலைச்சொல்லுக்கு உதவாது.)

பள்ளியில் லாக் என்றால் மடக்கை என்றுதானே படித்தோம் என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். அது வேறு. ஜான் நேப்பியர் 1614இல் வெளியிட்ட லாகரிதத்தின் சுருக்கம், கிரேக்க வேர். அதற்கு மடக்கை இருக்கிறது, அதைத் தொட வேண்டாம்.

இதற்கு ஐயா அனுப்பிய பதில்:

> தம்பி, சிட்டை என்றதும் கிராமத்துக்காரர்களுக்குச் சிட்டா அடங்கல்தான் நினைவுக்கு வரும். மயிலாப்பூரில் கேட்டால் சிட்டை ஸ்வரம் என்பார்கள். போகட்டும், முதலில் அது தமிழ்ச் சொல்தானா? நாள்வழி என்று நல்ல சொல் இருக்கும்போது கடன் வாங்குவானேன்?

ஐயா, சிட்டை வடக்கேயிருந்து வந்ததுதான், மறுக்கவில்லை. இந்திக்காரர்கள் பிளாக் என்பதற்கே சிட்டா என்று வைத்துக்கொண்டார்கள் என்பதையும் பாருங்கள். ஆனால் கடைத்தெருவில் இத்தனை காலம் புழங்கியதை இனி அயல் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. நாள்வழி எனக்கும் பிடிக்கும். சிக்கல் என்னவென்றால் அதில் நாள் இருக்கிறது. சர்வர் ஒரே நொடியில் நூறு வரி எழுதும். பேரேட்டில் ஏற்றுவதற்கு முன்னால், நடந்தது நடந்தபடி அவசரமாகக் குறித்துவைப்பது சிட்டை. லாக் செய்வதும் அதைத்தான். பிழைச் சிட்டை, வருகைச் சிட்டை, சிட்டைக் கோப்பு என்று சேர்த்துச் சொல்லவும் வாகாக இருக்கிறது. வினையாக வேண்டுமென்றால் சிட்டையில் ஏற்று.

லாகின் என்பதற்குள் சிட்டையைத் திணிக்கத் தேவையில்லை. தமிழ் விக்கிப்பீடியாவில் புகுபதிகை, விடுபதிகை என்று வைத்திருக்கிறார்கள். எனக்கு உள்நுழை, வெளியேறு போதும். உள்ளே போகிறவருக்குக் கட்டையும் வேண்டாம், ஏடும் வேண்டாம்.

> சரி, பிழைச் சிட்டை வரைக்கும் ஒப்புக்கொள்கிறேன். லாக் ரொட்டேஷனுக்கு என்ன செய்வாய்? சுழலும் சிட்டை என்று மட்டும் எழுதிவிடாதே.

எழுத மாட்டேன் ஐயா, அங்கே எதுவும் சுழலவில்லை. நிரம்பிய கோப்பை ஓரமாக வைத்துவிட்டுப் புதிதாக ஒன்றைத் தொடங்குகிறது, அவ்வளவுதான். அண்ணாச்சி கடையில் எழுதித் தீர்ந்த சிட்டைகளைச் சணல் போட்டுக் கட்டிப் பரணில் வைப்பார்கள். அதனால் இப்போதைக்குச் 'சிட்டை கட்டுதல்' என்று போட்டிருக்கிறேன். இதைவிட நல்லது இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள், அன்றைக்குத்தான் மொழிபெயர்ப்புக் கோப்பை அனுப்புகிறேன்.