குடும்பக் குழு: ஓணமும் கோரனின் கஞ்சியும்

பெரியப்பா: எல்லோருக்கும் திருவோண வாழ்த்துகள். மகாபலியின் கர்வத்தை வாமனர் அடக்கிய நாள் இது.

மலர்: வாழ்த்துகள் பெரியப்பா. ஆனால் கேரளத்தில் தோற்ற அரசரைத்தானே வாசலில் பூப்போட்டு வரவேற்கிறார்கள்?

சித்தி (திருக்காக்கரை): இங்கே இரண்டும் உண்டு மலர். எங்கள் ஊர்க் கோயிலில் மூலவர் வாமனர். பூக்களத்தில் வைக்கும் களிமண் உருவமும் திருக்காக்கரையப்பன் என்ற அந்த வாமனர்தான். பாட்டு மட்டும் மாவேலிக்கு, அதாவது மகாபலிக்கு. அவர் ஆண்ட காலத்தில் எல்லோரும் ஒன்றுபோல இருந்தார்களாம், அளவையில் கள்ளம் இல்லையாம்.

முகில்: பாகவதத்தில் பலியின் வேள்வி நடப்பது நர்மதைக் கரையில். மலையாளிகள் அவரைத் தங்கள் அரசராகவே ஆக்கிக்கொண்டார்கள்.

பெரியப்பா: மதுரைக்காஞ்சியிலேயே ஓணம் மாயோன் நாள்தான் தம்பி. 'எல்லோரும் ஒன்றுபோல' என்று இதில் சாதியை ஏன் இழுக்க வேண்டும்?

மலர்: ஓணம் கொண்டாடிய விதத்தைப் பாருங்கள் பெரியப்பா. குடியானவர் தோட்டத்தின் நல்ல நேந்திரக் குலையை ஜன்மி என்ற நிலவுடைமையாளர் வீட்டுக்குக் காழ்ச்சக்குலையாக, அதாவது காணிக்கைக் குலையாகச் சுமந்து போவார். பதிலுக்கு ஓணப்புடவை கிடைக்கும். 'காணம் விற்றாவது ஓணம் உண்ண வேண்டும்' என்பார்கள். காணம் என்றால் நிலத்தின் மேல் உள்ள உரிமை. சேற்றில் இறங்கி நெல் விளைவித்த புலையருக்கு விற்கக் காணம் ஏது? அவர்களையே விற்றார்கள். திருவிதாங்கூரில் அடிமைமுறையைச் சட்டப்படி ஒழித்ததே 1855-இல்தான். அவர்களுக்கென்று தனிப் பழமொழி இருக்கிறது: 'ஓணம் வந்நாலும் உண்ணி பிறந்நாலும் கோரனு கஞ்ஞி கும்பிளில் தன்னெ.' உண்ணி என்றால் குழந்தை. கும்பிள் என்பது இலையை மடித்துச் செய்யும் தொன்னை. ஊரே தலைவாழை இலை போட்டு உண்ணும் நாளிலும் அவனுக்கு அதே தொன்னைக் கஞ்சி. இந்த ஒரு வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. எல்லோரும் ஒன்றுபோல இருந்த காலத்தைப் பாடியவர்களுக்கு, கண்ணெதிரே அப்படி இல்லை என்பது தெரியாமலா இருந்திருக்கும்?

சித்தி: உண்மைதான். என் மாமியார் சின்ன வயதில் பார்த்ததைச் சொல்வார். வயல் வேலை செய்தவர்கள் ஓணத்தன்றும் முற்றத்துக்கு வெளியேதான் நிற்பார்களாம். அதைச் சொல்லும்போதெல்லாம் அவருக்குக் குரல் இறங்கிவிடும்.

முகில்: கேரளச் சமூகச் சீர்திருத்தவாதி சகோதரன் ஐயப்பன் அந்த மாவேலிப் பாட்டையே திருப்பி எழுதினார். வாமன வழியை விட்டு மாபலி ஆட்சியைக் கொண்டுவர வேண்டும் என்றார். 1917-இல் செறாயில் புலையரோடு உட்கார்ந்து சாப்பிட்டதற்காக அவரைப் 'புலையன் ஐயப்பன்' என்று வசைபாடினார்கள். அவர் அதையே பட்டமாக ஏற்றுக்கொண்டார்.

பெரியப்பா: கோரன் பழமொழி எனக்குத் தெரியாதம்மா. மூன்று முறை படித்துவிட்டேன். செறாய் உங்கள் வீட்டிலிருந்து தூரமா?

சித்தி: இல்லை அத்தான், வைப்பின் தீவில்தான் இருக்கிறது. அவருக்கு அங்கே நினைவகம் உண்டு.

பெரியப்பா: சரி, ஞாயிற்றுக்கிழமை வருகிறோம். முதலில் அங்கே போவோம், சாப்பாடு அப்புறம்.